விஷக்கல் நஞ்சை இழுக்குமா?

கேள்வி: பாம்பு கடித்த இடத்தில் விஷக்கல்லை வைத்தால் ஒட்டிக்கொள்கிறது, பிறகு பாலில் போட்டால் குமிழி வருகிறது. நஞ்சைத்தானே இழுக்கிறது? (வாசகர், ஒட்டுசுட்டான்)

பதில்: இல்லை. அது பெரும்பாலும் கரியாக்கிய மாட்டெலும்பு. ஆபிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் இதே நம்பிக்கை உண்டு. நுண்துளைகள் ஈரத்தை உறிஞ்சுவதால் ஒட்டுகிறது. ஈர உதட்டில் வைத்துப் பாருங்கள், அங்கும் ஒட்டும். குமிழி, துளைகளில் இருந்த காற்று. நஞ்சோ அதற்குள் உடலில் பரவத் தொடங்கிவிடும். இத்தாலியரான பிரான்செஸ்கோ ரெடி இந்தியாவிலிருந்து வந்த கற்களைச் சோதித்து, பயனில்லை என்று 1671இலேயே எழுதிவிட்டார்!

கல்லுக்குப் பெயர் வாங்கிக் கொடுப்பவை பாம்பு நஞ்சைச் செலுத்தாத கடிகள். கட்டுவிரியன் கடி இன்னும் மோசம்: வலியோ வீக்கமோ அதிகம் இராது, கல் வேலை செய்ததாகவே தோன்றும், சில மணி நேரத்தில் இமை சரியும், மூச்சுத் திணறும்.

கல் வைப்பதற்காகக் கடிவாயைக் கீறவே வேண்டாம். கண்ணாடி விரியன் நஞ்சு இரத்தத்தை உறையவிடாது, கீறிய காயம் நிற்காமல் ஒழுகும். மோதிரம், காப்பு, கொலுசைக் கழற்றி, கடிபட்ட காலை மட்டை வைத்து அசையாமல் தளர்வாகக் கட்டி, இலங்கையின் அம்புலன்ஸ் எண்ணான 1990ஐ அழையுங்கள். பாம்பைத் தேடிப் பற்றைக்குள் இறங்க வேண்டாம். தூரத்திலிருந்து போனில் ஒரு படம் போதும், அதுவும் முடிந்தால்.