தும்புபோலத் திரளும் தலைமுடி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வெள்ளிக்கிழமைகளில் முழுகிவிட்டுத் தலையைக் காயவிட்டால், முடி பிரியாமல் தும்புக் கட்டுப்போலத் திரள் திரளாக நிற்கிறது. சீப்பு இறங்குவதேயில்லை. ஷாம்பூவை மூன்று தரம் மாற்றிவிட்டேன். கொழும்பில் அக்கா வீட்டில் நின்ற ஒரு மாதம் மட்டும் இந்தக் கரைச்சல் இருக்கவில்லை. எண்ணெய் போகவேண்டும் என்று முதலில் சவர்க்காரமும் போடுவேன். ஏன் இப்படி? (வாசகி, கோண்டாவில்)

பதில்: விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள். கொழும்பில் மாறியது தண்ணீர். எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் ஊறி வருவது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அந்தச் சுண்ணாம்பு உங்கள் தலையிலும் படிகிறது. அதோடு சவர்க்காரம் சேர்ந்தால் கரையாத ஒரு பசை உண்டாகும். எத்தனை வாளி ஊற்றினாலும் அது முழுதாகப் போகாது.

ஈரத்தில் எல்லோருடைய முடியும் ஒன்றோடொன்று ஒட்டத்தான் செய்யும். தண்ணீர் காய்ந்ததும் அந்தப் பிடி விட்டுவிடவேண்டும். உங்கள் தலையில் தண்ணீர் போனபின்னும் பசை நிற்கிறது, அதனால் பிடி விடுவதில்லை. இன்னொன்று: முடியிழையின் மேற்பரப்பு ஓட்டுக்கூரைபோல அடுக்கடுக்கான செதில்களால் ஆனது. காரமான சவர்க்காரம் அந்தச் செதில்களைக் கிளப்பிவிடும். கிளம்பிய செதிலில் பக்கத்து இழை கொளுவுகிறது. சிக்கு என்பது அதுதான்.

சந்தேகமென்றால் சோதித்துப் பாருங்கள். ஒரே அளவான இரண்டு போத்தல்களில், ஒன்றில் பாதியளவு கிணற்றுத் தண்ணீர், மற்றதில் பாதியளவு மழைத் தண்ணீர். இரண்டிலும் நகக்கண்ணளவு சவர்க்காரத்தைச் சீவிப் போட்டு அரை நிமிடம் குலுக்குங்கள். மழைத் தண்ணீரில் நுரை எழும்பி நிற்கும். கிணற்றுத் தண்ணீர் பால்போலக் கலங்கி, மேலே திரிந்த பால்போல ஏதோ மிதந்தால், உங்கள் தலையில் ஒட்டியிருப்பது எதுவென்று கண்ணால் கண்டுவிட்டீர்கள்.

இனிச் செய்யவேண்டியது. தலைக்குச் சவர்க்காரத்தை அடியோடு நிறுத்துங்கள். சீயாக்காய் சுண்ணாம்புத் தண்ணீரோடு அந்தப் பசையை உண்டாக்காது. ஷாம்பூவும் சவர்க்காரம் அளவுக்குச் செய்யாது. முழுகுவதற்கு 2 மணித்தியாலம் முன்னர், உலர்ந்த முடியில் ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயைத் தோளிலிருந்து நுனிவரை தேயுங்கள். தேங்காய் எண்ணெய் இழைக்குள்ளே போகக்கூடியது. முடி தண்ணீர் குடித்து ஊதுவதைக் குறைக்கும். எண்ணெய் வைத்த கையோடு அகலப் பல் சீப்பால் சிக்கை எடுத்துவிட்டுத்தான் தண்ணீர் ஊற்றவேண்டும். இருக்கும் சிக்கின்மேல் தண்ணீர் பட்டால் அது இறுகும்.

கடைசி அலசலுக்கு 1 லீற்றர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி வினாகிரி கலந்து, முடியின் நீளத்தில் ஊற்றி, 2 நிமிடம் விட்டு, ஒரு பேணி தண்ணீரால் அலசிவிடுங்கள். புளிப்பு அந்தப் பசையை இளக்கும், செதில்களையும் படியவைக்கும். காய்ந்தால் மணம் நிற்காது. ஒரே முழுக்கில் எல்லாம் சரியாகும் என்று நினைக்கவேண்டாம். பல மாதப் படிவு போக நாலைந்து முழுக்காவது வேண்டும்.

துவாயையும் கவனியுங்கள். தலையைத் துவாயால் தேய்த்துத் துடைப்பதே பாதிச் சிக்குக்குக் காரணம். பழைய பருத்தி ரீசேட்டையோ வேட்டித் துண்டையோ சுற்றிக் கையால் அமத்துங்கள். பிறகு ஈரத்தோடு கொண்டை போடாமல், நாலு பங்காகப் பிரித்து முன்னும் பின்னும் தொங்கவிட்டு, நிழலில் காற்றாட விடுங்கள். முக்கால்வாசி காய்ந்ததும் நுனியிலிருந்து இரண்டு அங்குலம் சீவி, பிறகு அதற்கு மேலே இரண்டு அங்குலம் என்று ஏறுங்கள். சிக்குக்கு மேலே முடியைக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டால் வேர் இழுபடாது.

கேள்வி: எங்கள் கிணறு உவர். தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டுத் தலைக்கு ஊற்றினால் சரியாகுமா? (வாசகி, வேலணை)

பதில்: ஆகாது. கொதிக்கவைத்தால் சுண்ணாம்பில் ஒரு பங்கு அடியில் படியும். உப்பு அப்படியே நிற்கும், தண்ணீர் வற்ற வற்ற இன்னும் தடிப்பாகும். விறகுதான் வீண்.

உங்கள் தண்ணீரில் முழுகுங்கள், ஆனால் கடைசி 2 லீற்றரை மட்டும் பவுசர் தண்ணீராகவோ மழைத் தண்ணீராகவோ வைத்துக்கொள்ளுங்கள். பேசினுக்கு மேலே குனிந்து அதை மெதுவாக ஊற்றி, பேசினில் விழுந்ததை எடுத்து இன்னொரு தரம் ஊற்றி, கடைசி அரை லீற்றரைப் புதிதாக விடுங்கள். இந்தச் சிக்கனத்திலேயே உப்பின் பெரும்பகுதி போய்விடும். மழைத் தண்ணீர் பிடிப்பதானால் முதல் மழையைக் கூரை கழுவ விட்டுவிடுங்கள்.

ஆவணி, புரட்டாசியில் முடி மோசமாகி மார்கழியில் கொஞ்சம் தேறுவதாகத் தெரிந்தால் அது மனப்பிரமை அல்ல. மழை நீர் நிலத்துக்குக் கீழே உவர்நீரின் மேல் மிதக்கிறது. நிலாவரைக் கிணற்றிலும் மேலே நன்னீர், ஆழத்தில் உப்பு. கோடையில் இறைக்க இறைக்க நன்னீர்ப் படை மெலிந்து உப்பு மேலே வரும்.

கேள்வி: மகளுக்குச் சுருட்டை முடி. பள்ளிக்கூடத்துக்கு விடிய 6 மணிக்கு முழுகவார்த்து ஈரத்தோடு இரட்டைப் பின்னல் பின்னிவிடுகிறேன். பின்னேரம் அவிழ்த்தால் பிடரியில் பந்துபோலச் சிக்கு. சீவினால் அழுகிறாள். (தாய், மானிப்பாய்)

பதில்: சுருட்டை முடி திரள் திரளாகக் காய்வது குற்றமல்ல, அதன் இயல்பே அது. விரல் தடிப்பில் சுருண்டு நிற்கும் திரளைக் காய்ந்தபின் சீவிப் பிரிக்கப் போவதுதான் பிழை. சுருட்டை முடிக்குச் சீப்பு, முழுகும்போது கண்டிஷனர் வழவழப்போடு இருக்கையில் மட்டும். முதல் பதிலில் சொன்ன, முக்கால்வாசி காய்ந்ததும் சீவும் முறை நேர்முடிக்கு, அதை அவளுக்குச் செய்யவேண்டாம். தோள்வரை முடியென்றால் ஒரு மேசைக்கரண்டி கண்டிஷனர் போதும். சீவியபின் அலசி, அமத்தித் துடைத்து, அப்படியே விட்டுவிடுங்கள்.

பிடரிப் பந்து வேறு விஷயம். சட்டைக் கழுத்தும் வியர்வையும் அங்கே உரசுகின்றன. ஈரப் பின்னல் உள்ளே பின்னேரம்வரை காய்வதேயில்லை. முழுக்கை முதல் நாள் பின்னேரத்துக்கு மாற்றுங்கள். படுக்கப்போகுமுன் முடி காய்ந்திருக்கவேண்டும். காலையில் பிடரியில் இரண்டு சொட்டு எண்ணெய், பிறகு பின்னல். இரண்டு சொட்டுத்தான். உள்ளங்கை நிறைய எண்ணெயை ஈரத் தலையில் அப்பும் பழக்கம் எங்கள் வீடுகளில் உண்டு. அது புழுதியையும் சேர்த்துப் பிடித்து முடியை ஒட்டவைக்கும்.

கேள்வி: அம்மா மூன்று கிழமை ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். கொண்டை அவிழ்க்கப்படாமல் கட்டியாகிவிட்டது. மொட்டையடிக்கத்தான் வேண்டுமா? (மகள், சாவகச்சேரி)

பதில்: அவசரப்படவேண்டாம், கத்திரிக்கோலை எடுத்து வையுங்கள். முதலாவது விதி: அந்தக் கட்டியைக் கழுவக்கூடாது. தண்ணீர் பட்டுக் கசக்கினால் கம்பளிபோல இறுகிவிடும். அரைக் கோப்பை தேங்காய் எண்ணெயைக் கட்டிக்குள் விரலால் ஊட்டி ஒரு மணித்தியாலம் விடுங்கள். பிறகு கட்டியை நடுவிலே தாக்காமல், வெளி ஓரத்தில் தளர்ந்து நிற்கும் இழைகளை வால் சீப்பின் கூர் நுனியால் ஒவ்வொன்றாக உருவி எடுங்கள். விடுபட்டதை உடனே தனியாகக் கிளிப் போட்டு ஒதுக்காவிட்டால் திரும்பவும் போய்ச் சிக்கும். ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம், அம்மாவுக்குக் களைப்பு வருமுன் நிறுத்துங்கள். மூன்று நாலு நாள் செல்லலாம்.

எதற்கும் அசையாத இடம் இருந்தால், குறுக்கே வெட்டாமல், முடி போகும் நீளப் பாட்டில் கட்டியைக் கீறி இரண்டாக்குங்கள். அப்படிச் செய்தால் இழப்பு குறைவு.

கை நிறைய முடி வரும், பயப்படவேண்டாம். நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி யாருக்கும் உதிரும். மூன்று கிழமையில் உதிர்ந்த ஆயிரத்துக்கு மேற்பட்ட முடி விழ வழியில்லாமல் அந்தக் கொண்டைக்குள்ளேயே கிடக்கிறது. கடும் நோய்க்குப் பின் இரண்டு மூன்று மாதம் கழித்து இன்னொரு உதிர்வும் வரலாம். பெரும்பாலும் அது தானாக நிற்கும். கட்டிக்குக் கீழே புண், சீழ், நாற்றம் இருந்தால் மட்டும் வைத்தியரிடம் காட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

கேள்வி: வினாகிரிக்குப் பதிலாகத் தேசிக்காய்ப் புளி பாவிக்கலாமா? (வாசகி, சுன்னாகம்)

பதில்: பாவிக்கலாம், 1 லீற்றருக்கு ஒரு தேசிக்காய், விதையும் சக்கையும் போக வடித்து. ஆனால் நன்றாக அலசாமல் வெயிலில் நின்று தலை காயவைக்கக்கூடாது. தேசிப்புளி பட்ட தோலில் வெயில் பட்டால் நெற்றியிலும் கழுத்திலும் எரிகாயம்போலக் கறுத்துப்போகும்.

கேள்வி: நேர்த்திக்காக முடி வளர்க்கிறேன். நல்லூரில் அங்கப்பிரதட்டை செய்தபின் தலை முழுக்க மணல். உடனே முழுகினால் சிக்கு இன்னும் கூடுகிறது. (வாசகர், திருநெல்வேலி)

பதில்: ஈரத்தோடு உருண்டிருப்பீர்கள், மணல் ஒட்டித்தான் இருக்கும். முதலில் தலையைக் காயவிடுங்கள். காய்ந்ததும் குனிந்து விரல்களால் உதறினால் மணல் கொட்டுண்டுபோகும். மிஞ்சியதை அகலப் பல் சீப்பால் எடுத்துவிட்டு, அதன் பிறகு தண்ணீர் ஊற்றுங்கள்.