வலையை நண்டு கிழித்தது

கேள்வி: நான் பட்டப்படிப்பு முடித்தவள், என் தந்தை விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். வேலைக்கான நேர்காணலுக்காக ஆங்கிலம் பழகி வருகிறேன். சொற்கள் தெரிந்திருந்தும், அவற்றைக் கோக்கும்போது வரிசை குழம்பிவிடுகிறது. ‘மை ஃபாதர் யெஸ்டர்டே சீ டு வென்ட்’ என்று நான் எழுதியதைப் பார்த்துத் தம்பி சிரிக்கிறான். சரியான வரிசையை எப்படிப் பழகுவது?
– வாசகி, தங்கச்சிமடம்.

பதில்: அந்த வாக்கியத்தில் ஒரு சொல்கூடத் தவறில்லை, ஆங்கிலச் சொற்கள் தமிழ் வரிசையில் நிற்கின்றன, அவ்வளவுதான். ‘நண்டு வலையைக் கிழித்தது’ என்றாலும் ‘வலையை நண்டு கிழித்தது’ என்றாலும் கிழிந்தது வலைதான் என்பதை ‘ஐ’ என்னும் வேற்றுமை உருபு காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு அப்படியோர் உருபு கிடையாது என்பதால், அந்த வேலையைச் சொல் நிற்கும் இடமே செய்கிறது. ‘தி க்ராப் டோர் தி நெட்’ என்பதை ‘தி நெட் டோர் தி க்ராப்’ என்று மாற்றினால், வலை நண்டைக் கிழித்ததாக ஆகிவிடும். (வலையிலிருந்து நண்டைப் பிரிக்கும்போது அதன் கால் முறிவதைப் பார்த்தவர்கள் அதையும் மறுக்கமாட்டார்கள்!)

ஆகவே, எழுவாயைச் சொன்ன கையோடு வினையைச் சொல்லிவிடப் பழகுங்கள். ‘மை ஃபாதர் வென்ட்’ என்று சொல்லிச் சற்று நிறுத்துங்கள். எங்கே என்பதற்கு ‘டு சீ’, எப்போது என்பதற்கு ‘யெஸ்டர்டே’ என்று ஒவ்வொன்றாகப் பின்னால் சேருங்கள். ‘யெஸ்டர்டே’ வாக்கியத்தின் தொடக்கத்திலும் வரலாம். எழுவாய்க்கும் வினைக்கும் நடுவில் மட்டும் அதை நுழைக்க வேண்டாம்.

‘கடலுக்கு’ என்பதில் பின்னால் ஒட்டியிருக்கும் ‘கு’, ஆங்கிலத்தில் ‘டு’ என்று முன்னால் வந்து நிற்பதைக் கவனித்தீர்களா? நீண்ட தொடர்களிலும் இதே கதைதான். உங்கள் ஊர்ப் பக்கத்துப் பழைய ரயில் பாலத்தையே எடுத்துக்கொள்வோம். ‘1914-இல் திறக்கப்பட்ட பாலம்’ என்பதைக் கடைசியிலிருந்து படியுங்கள்: பாலம், பட்ட, திறக்க, இல், 1914. ஆங்கிலத்தில் அது ‘தி பிரிட்ஜ் தட் வாஸ் ஓபன்ட் இன் 1914’. கண்ணாடியில் பார்ப்பதுபோல் வரிசை அப்படியே திரும்பியிருக்கிறது! எல்லாத் தொடரும் இவ்வளவு ஒழுங்காகத் திரும்பாது என்றாலும், இலக்கண விதிகளை மனப்பாடம் செய்வதைவிட இந்தப் பயிற்சி விரைவாகக் கைகொடுக்கும் என்பது என் கருத்து. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தைப் பற்றி நீங்களே ஒரு தொடர் எழுதிப் பாருங்கள்.

தந்தை கரைக்கு வந்ததும் அன்றைய கடல் தொழிலைப் பற்றிச் சொல்வதில் ஐந்து வாக்கியங்களை நாள்தோறும் இப்படி மாற்றி, வாய்விட்டுச் சொல்லுங்கள். தம்பி மறுபடியும் சிரித்தால், ‘அப்பா கடலுக்குப் போனாரா?’ என்பதை ஆங்கிலத்தில் கேட்கச் சொல்லுங்கள். நம் ‘ஆ’ கடைசியில் ஒட்டிக்கொள்கிறது. அங்கேயோ ‘டிட்’ முதலில் வர, ‘வென்ட்’ என்பது ‘கோ’ ஆகிவிடுகிறது. சிரிப்பவர்களில் பலர் தடுக்கி விழும் இடம் அதுதான்.