எஸ்எஃப்பி மாட்யூல் தகராறுகள்: கேள்வி பதில்

கேள்வி: சார், பழைய சர்வரிலிருந்து கழற்றிய இன்டெல் எக்ஸ்520 நெட்வொர்க் கார்டு என்னிடம் இருக்கிறது, ஓடுவது லினக்ஸ். விலை குறைந்த எஸ்எஃப்பி பிளஸ் மாட்யூலோடு (கேபிளை இணைக்க கார்டில் செருகும் சின்ன அடாப்டர்) பூட் செய்தால் இன்டர்ஃபேஸே காணோம். கார்டு போச்சா?

பதில்: கார்டுக்கு ஒன்றும் இல்லை. அதற்கான ஐஎக்ஸ்ஜிபிஇ டிரைவர் ஏறும்போதே மாட்யூலின் ஈஈப்ராமை (தன் விவரங்களை மாட்யூல் எழுதி வைத்திருக்கும் நினைவகம்) படிக்கும். ஆதரிக்காத வகை என்றால் ஏறாமலே விலகிவிடும். லினக்ஸின் மையமான கெர்னலின் லாகில் ‘அன்சப்போர்டட்’ என்ற புலம்பல் இருக்கும், பாருங்கள். ‘அலவ் அன்சப்போர்டட் எஸ்எஃப்பி’ என்ற டிரைவர் ஆப்ஷனை (வார்த்தைகளுக்கு நடுவே அடிக்கோடு) 1 என்று வைத்து டிரைவரை மறுபடி ஏற்றுங்கள். டிரைவர் இனிட்ராம்எஃப்எஸ்ஸில் (பூட்டின் தொடக்கத்தில் ஏறும் தற்காலிக கோப்புத் தொகுப்பு) இருந்தால் அதையும் புதுப்பிக்க வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

கேள்வி: ஃபைபர் இணைப்புக்குத் தந்த ஓஎன்டி பெட்டியை ஒழித்துவிட்டு, அதே வேலையைச் செய்யும் ஜிபான் ஸ்டிக்கை (எஸ்எஃப்பி மாட்யூல் வடிவில் வருவது) நேராக ரவுட்டரில் செருகினேன். சில மாட்யூல்களுக்கு மட்டும் கெர்னலில் தனிச்சலுகை என்கிறார்களே, ஏன்?

பதில்: அந்தச் சின்னக் குச்சிக்குள் ஒரு முழுக் கம்ப்யூட்டரே ஓடுகிறது, அதுதான் வம்பு. சாதாரண மாட்யூல் தயாராக லினக்ஸ் காத்திருப்பது 300 மில்லி செகண்ட். அல்காடெல்-லூசென்ட்டின் 3எஃப்இ46541ஏஏ மாட்யூலுக்கு 60 செகண்ட் தருகிறது! ஹுவாவே எம்ஏ5671ஏ 2.5 ஜிகாபிட்டில் ஓடும், ஆனால் அதன் ஈஈப்ராமில் இருப்பது 1.2. அது காட்டும் டிஎக்ஸ் ஃபால்ட் (அனுப்புவதில் கோளாறு) சிக்னலையும் கெர்னல் காதில் போட்டுக்கொள்வதில்லை. இன்னொன்று, விசால் வி2801எஃப்: ஈஈப்ராமை மொத்தமாகப் படித்தால் குப்பை வரும், ஒவ்வொரு பைட்டாகத்தான் கேட்க வேண்டும்.

கேள்வி: எந்த மாட்யூல் என்று கெர்னலுக்கு எப்படித் தெரியும்?

பதில்: ஈஈப்ராமில் 20ஆம் பைட்டிலிருந்து 16 எழுத்து விற்பனையாளர் பெயர், 40இலிருந்து 16 எழுத்து பார்ட் நம்பர். இரண்டையும் கெர்னலின் க்விர்க் பட்டியலோடு (தனிச்சலுகை தேவைப்படும் மாட்யூல்களின் பட்டியல்) ஒப்பிடும். பெயர் இருக்கும் இடத்தில் வெறுமனே ‘ஓஇஎம்’ என்ற பொதுச்சொல்லைப் போட்டு விற்கிறார்களே, அவர்களை என்ன சொல்ல? ஈத்டூல் என்ற லினக்ஸ் கட்டளையில் ‘எம்’ ஆப்ஷன் கொடுத்தால் உங்கள் மாட்யூல் தன்னை யார் என்கிறது என்று தெரிந்துவிடும்.

கேள்வி: அப்போ பட்டியலில் ஒரு வரி சேர்த்தால் எக்ஸ்520இலும் ஹுவாவே குச்சி 2.5இல் ஓடுமா அண்ணா?

பதில்: ஓடாது தம்பி. அந்தப் பட்டியல், மாட்யூலைக் கெர்னலின் பொது எஸ்எஃப்பி அடுக்கிடம் ஒப்படைக்கும் டிரைவர்களுக்குத்தான். எக்ஸ்520இல் மாட்யூலை ஐஎக்ஸ்ஜிபிஇ தானே பார்த்துக்கொள்கிறது. அதோடு அந்தக் கார்டின் சிப்புக்கு 1, 10 ஜிகாபிட் தெரியும், 2.5 தெரியாது.