அசிட்டிக் அமிலக் கணக்கில் தண்ணீரை எங்கே வைப்பது?

தண்ணீரில் அசிட்டிக் அமிலம் எவ்வளவு பிரிகிறது என்று காட்டும் சமநிலை மாறிலி 3.2 × 10⁻⁷ என்று வருகிறது, புத்தகத்தில் 1.8 × 10⁻⁵ இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் கணக்கில் வேறு தப்பே இல்லை. மாறிலிக்கான பின்னத்தின் கீழே, அதாவது பகுதியில், தண்ணீரின் செறிவையும் போட்டுவிட்டீர்கள், அவ்வளவுதான். இரண்டு விடைகளின் விகிதத்தைப் பாருங்கள்: ஏறத்தாழ 55.5. ஒரு லிட்டர் தண்ணீரில் இருக்கும் மோல்கள் அதுவே, 1000 கிராமை ஒரு மோல் தண்ணீரின் எடையான 18 கிராமால் வகுத்தால் வரும்.

0.1 மோலார் (லிட்டருக்கு 0.1 மோல்) அமிலக் கரைசலில் லிட்டருக்குச் சுமார் 0.0013 மோல் அமிலம்தான் பிரிகிறது. செலவாகும் தண்ணீரும் அவ்வளவே. 55.5-இல் அது போனால் என்ன, போகாவிட்டால் என்ன? மாறாத அந்த எண் மாறிலிக்குள்ளேயே அடங்கிவிட்டது.

ஆக, பின்னத்தின் மேலே ஹைட்ரோனியம் (புரோட்டானை வாங்கிய தண்ணீர்), அசிட்டேட் (புரோட்டானை இழந்த அமிலம்) அயனிச் செறிவுகளின் பெருக்கல். கீழே அசிட்டிக் அமிலம் மட்டும். ஆனால் வினைச் சமன்பாட்டிலிருந்து தண்ணீரை எடுத்துவிடாதீர்கள், புரோட்டானை வாங்கிக்கொள்வது அதுதானே!

அப்புறம், கீழே வரவேண்டியது பிரியாமல் மிச்சமிருக்கும் அமிலம், ஆரம்பச் செறிவு அல்ல. 0.1 மோலாரில் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. 0.001 மோலாரில் சுமார் 12.5 சதவீதம் பிரிந்துவிடும். அங்கே இருபடிச் சமன்பாட்டைப் போட்டே ஆகவேண்டும்.