பக்கத்து வீட்டுக் கடக்கால் ஆழம் நம்ம வீட்டுக்கு ஒத்துவருமா?

கேள்வி: சார், நாங்க 5 சென்ட் மனை வாங்கியிருக்கோம், கரிசல் மண்ணு. கீழ ஒண்ணு மேல ஒண்ணுன்னு வீடு கட்டணும். மேஸ்திரி, "பக்கத்து வீட்டுக்கு 5 அடி வானம் தோண்டித்தான் போட்டேன், நல்லாத்தான நிக்குது, மண் டெஸ்ட்டெல்லாம் வீண் செலவும்மா"ங்கிறாரு. எங்க வீட்டுக்காரரும் அதயே சொல்றாரு. என்ன செய்யட்டும்?
*வாசகி, கோவில்பட்டி*

பதில்: டெஸ்ட் எடுங்கம்மா, கரிசல்ல இத விடவே கூடாது. சித்திரை வெயில்ல உங்க ஊரு காட்டுக்குள்ள நடந்திருப்பீங்கல்ல, கை நுழையுற அளவுக்கு வெடிச்சுக் கெடக்கும், ஐப்பசி மழை விழுந்ததும் அதே வெடிப்பு மூடி மண்ணு உப்பி மேல வரும், இதே ஏத்தம் இறக்கம்தான் வருஷா வருஷம் கடக்காலுக்கு அடியிலயும் நடக்கும். அதுவும் ஒரே மாதிரி நடக்காது. வெளிச்சுவருக்குக் கீழ சீக்கிரம் காஞ்சிரும், வீட்டு நடுவுல ஈரம் அப்படியே நிக்கும், ஒரு பக்கம் எறங்கி ஒரு பக்கம் நின்னா ஜன்னல் மூலைல இருந்து படிக்கட்டு மாதிரி விரிசல் ஓடும்.

பக்கத்து வீடு கட்டி எத்தன வருஷம் ஆச்சு, எத்தன மாடி, எத்தன அடில அவங்களுக்கு சுக்கான், அதான் கரிசலுக்கு அடியில வர்ற கெட்டியான சுண்ணாம்புத் தளம், வந்துச்சுன்னு மேஸ்திரிகிட்ட கேளுங்க. உங்க பக்கம் ஒரே தெருவுல நாங்க ரெண்டு மனைக்கு மண் டெஸ்ட்டுக்கு குழாய் குழி (போர்) போட்டோம், ஒண்ணுல 6 அடில சுக்கான் தட்டிருச்சு, எதிர்த்தாப்புல 14 அடி வரைக்கும் வெறும் கரிசல். நடுவுல இருந்தது 20 அடி ரோடுதான்.

லேப்ல உப்புற டெஸ்ட்ட உங்க வீட்டுக்காரர கூட்டிட்டுப் போய் காட்டுங்க, ரொம்ப எளிமையானது. காய வெச்சு சலிச்ச மண்ணு 10 கிராம், ரெண்டு கண்ணாடி ஜாடில போடுவாங்க, ஒண்ணுல மண்ணெண்ணெய், இன்னொண்ணுல தண்ணி. மறுநாள் வந்து பாத்தா மண்ணெண்ணெய்ல மண்ணு அப்படியே 10 மில்லி கோட்டுல உக்காந்திருக்கும், தண்ணில இருக்குறது 19, 20 வரைக்கும் ஏறியிருக்கும். அப்படின்னா 90, 100 சதவீதம் உப்புதுன்னு அர்த்தம். 50 தாண்டினாலே ரொம்ப கவனமா இருக்கணும்.

அப்படி வந்தா பயப்பட வேண்டாம், வழி இருக்கு. ரூர்க்கில இருக்குற மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம் இந்த மண்ணுக்குன்னே வளர்த்தெடுத்த அண்டர்ரீம் பைல்னு ஒண்ணு இருக்கு, பைல்னா மண்ணுக்குள்ள ஆழமா இறங்குற காங்கிரீட் தூண், அடியில பல்பு மாதிரி தண்டோட ரெண்டரை மடங்கு அகலத்துக்குக் குடைஞ்சு காங்கிரீட் போடுவாங்க, மண்ணு உப்பி மேல தூக்கினாலும் அந்த பல்பு பிடிச்சுக்கும். ஆழமான கரிசல்ல குறைஞ்சது 3.5 மீட்டர் போகணும், ஏன்னா அதுக்குக் கீழ மழையும் வெயிலும் ஈரத்த பெருசா மாத்தாது. மேல வர்ற பீமுக்கும் மண்ணுக்கும் நடுவுல 8 சென்டிமீட்டர் போல இடைவெளி விடச் சொல்லுங்க, மண்ணு உப்ப எடம் வேணும்ல. இது தேவையா, இல்ல சுக்கான் மேல சாதா ஃபூட்டிங்கே (தூணுக்கு அடியில போடுற அகலமான காங்கிரீட் பாதம்) போதுமாங்கிறத ரிப்போர்ட் வந்த பிறகு இன்ஜினியர் சொல்லணும், மேஸ்திரி கைப்பழக்கத்துல முடிவு பண்றது இல்ல.

கேள்வி: மண் டெஸ்ட்டுக்கு ஆள் வர்றாங்க. ஒழுங்கா எடுக்குறாங்களான்னு எப்படி சார் கண்டுபிடிக்கிறது?
*வாசகர், திருச்சி*

பதில்: கூடவே நில்லுங்க, அன்னைக்கு லீவு போட்டாலும் பரவாயில்ல. போர் குழிக்குள்ள ஒரு ராட இறக்கி, மண்ணுக்குள்ள போக மேல இருந்து சுத்தியலால அடிப்பாங்க, அந்த 63.5 கிலோ சுத்தியல் 75 சென்டிமீட்டர் உயரத்துல இருந்து விழணும். ராடுல 15 சென்டிமீட்டருக்கு ஒரு கோடுன்னு சாக்பீஸால மூணு கோடு போட்டிருப்பாங்க, முதல் 15க்கு விழுற அடிய கணக்குல சேக்க மாட்டாங்க, அடுத்த ரெண்டு 15க்கும் விழுற அடிகளோட கூட்டுத்தொகைதான் 'N' வேல்யூ, மண்ணு எவ்வளவு கெட்டின்னு சொல்ற எண். நீங்களும் கூட எண்ணுங்க. களிமண்ணுல 4க்குக் கீழ வந்தா மெத்துமெத்துன்னு இருக்குற மண்ணு, 30க்கு மேல போனா நல்ல கெட்டி.

சுத்தியல் கயித்த இழுத்து பாதி உயரத்துலயே விட்டா அடி எண்ணிக்கை கூடும், மண்ணு உள்ளதவிட கெட்டியா தெரியும், இது ரொம்ப ஆபத்து. என் சொந்தக்காரர் மனைல ஒரு டீம் 3 மீட்டர்ல நிறுத்திட்டு ரிப்போர்ட்ல 6 மீட்டர்னு எழுதிக் குடுத்தாங்க, அவர் வீட்டுல ஆள் நின்னதால மாட்டுச்சு, மறுபடி போட வெச்சோம். எடுத்த மண்ண ஆழம் எழுதி பையில கட்டுறாங்களா பாருங்க, போன்ல ஒரு போட்டோவும் எடுத்து வெச்சுக்கோங்க. எத்தன போர்னா, சின்ன வீட்டுக்கு நடுவுல ஒண்ணே போதும்னு ஐஎஸ் கோடு (இந்தியத் தர விதி) சொல்லுது, ஒரு ஏக்கர் போல இருக்குற மனைக்கு நாலு மூலைலயும் நடுவுலயும் வேணும்.

கேள்வி: பள்ளிக்கரணை பக்கம் மனை பாத்திருக்கோம். 6 அடி செம்மண் கொட்டி ரோலர் ஓட்டியிருக்காங்க, நல்லா கெட்டியா இருக்கு. அட்வான்ஸ் குடுத்துடலாமா?
*வாசகர், சென்னை*

பதில்: இப்ப குடுக்காதீங்க. நீங்க காலால மிதிச்சுப் பாக்குறது கொட்டின மண்ணத்தான். அந்தப் பக்கம் சதுப்பு நிலம், அடியில தண்ணி குடிச்ச களிமண்ணு இருந்தா இந்த 6 அடி மண்ணோட பாரத்துலயே அது பல வருஷத்துக்கு மெதுவா அமுங்கிட்டே போகும், பைல் போட்டாலும் அமுங்குற மண்ணு பைலயும் சேத்து கீழ இழுக்கும், அந்த பாரத்தையும் டிசைன்ல சேக்கணும். ஓனர்கிட்ட அனுமதி கேட்டு போர் போட்டுப் பாருங்க, கொட்டின மண்ணயும் களிமண்ணயும் தாண்டி கெட்டித் தளம் தட்டுற வரைக்கும் போகணும், ஐப்பசி கார்த்திகை மழை முடிஞ்ச கையோட போட்டா நிலத்தடி தண்ணி எவ்வளவு மேல வருதுன்னும் சேத்தே தெரிஞ்சுரும். போர் போட விட மாட்டேன்னு ஓனர் சொன்னா அந்த மனைய விட்டுருங்க.