குளத்தில் இறங்கினால் விரால் கடிக்கிறது: என்ன செய்வது?

கேள்வி: கால் ஏக்கர் குளத்தில் கட்லா, ரோகு குஞ்சுகள் விட்டு இரண்டு மாதமாகிறது. பாசி எடுக்க ஓரத்தில் இறங்கிய என் மகனின் கணுக்காலில் பெரிய விரால் ஒன்று மோதிக் கடித்துவிட்டது. மறுநாள் அதே இடத்தில் என்னையும் கடிக்க வந்தது. குஞ்சுகளும் குறைந்துவிட்டதாகத் தெரிகிறது. இந்த மீன் ஆபத்தானதா? இதை எப்படி ஒழிப்பது?

பதில்: "அதே இடத்தில்" என்று தாங்கள் எழுதியிருப்பதிலேயே காரணம் இருக்கிறது. விரால் மனிதரை இரையாகக் கருதி வருவதில்லை. கரையோர ஆழமற்ற நீரில் பாசியை விலக்கி வட்டமாக இடம் அமைத்து, அங்கே மிதக்கும் முட்டைகளை இட்டு, குஞ்சு பொரித்த பின்னும் ஏறத்தாழ ஒரு மாதம் காவல் காக்கும் இயல்புடைய மீன் அது. அந்த நாட்களில் தவளையாயினும் மனிதக் காலாயினும் அருகே வரும் எதையும் பாய்ந்து விரட்டும். கரையில் அசையாமல் நின்று பாருங்கள்: செந்நிறக் குஞ்சுகள் திரளாக மேலெழுந்து காற்றை விழுங்கும்போது, அந்த இடத்து நீர் மட்டும் உலை கொதிப்பதுபோல் சலசலக்கும். அதற்குச் சற்றுக் கீழே தாய் தந்தை மீன்கள் நிற்கும். குஞ்சுகள் கருநிறமாகிப் பிரிந்து போனதும் இந்தச் சீற்றம் தானாகவே அடங்கிவிடும். அதுவரை அந்த மூலையில் எவரும் இறங்க வேண்டாம். கடிபட்ட இடத்தைச் சோப்பும் சுத்தமான நீரும் கொண்டு நன்கு கழுவி, மருத்துவரிடம் காட்டி, தேவையெனில் டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். பல் பதிந்த காயத்தைவிடக் குளத்து நீரால் வரும் சீழே அதிகத் தொல்லை தரும்.

கட்லா, ரோகு ஆகிய கெண்டைக் குஞ்சுகள் குறைவது வேறு சிக்கல். அது தானாக அடங்காது. வளர்ந்த விராலுக்கு மீனே முக்கிய இரை என்பதால், கெண்டைக் குளத்தில் அதை விட்டுவைக்க நான் சொல்லமாட்டேன். இப்போதைக்கு, காவல் நிற்கும் பெரிய மீன்களைத் தூண்டிலில் பிடித்துவிடலாம்; கண்ணில் பட்டதையெல்லாம் கவ்வும் காலம் இது என்பதால் எளிதில் அகப்படும். செந்நிறக் குஞ்சுகளைச் சிறு கண்ணி வலையால் அள்ளித் தனித் தொட்டியில் வளர்க்கவும் முடியும். ஆனால் அளவு வாரியாகப் பிரிக்காவிட்டால் பெரியது சிறியதை விழுங்கிவிடும்.

அறுவடைக்குப் பின் குளத்தை அடிமண் வெடிக்கும்வரை காயவிடுங்கள். சேறு ஈரமாக இருந்தாலே விரால் அதற்குள் புதைந்து காற்றைச் சுவாசித்துப் பிழைத்துக்கொள்ளும். முற்றிலும் வற்றவைக்க இயலாவிடில், இலுப்பைப் புண்ணாக்கை ஊறவைத்துக் கரைத்துத் தெளிக்கலாம். ஒரு மீட்டர் ஆழ நீருக்கு ஹெக்டேருக்கு 2,500 கிலோ என்பது அளவு. தங்கள் குளத்துக்கு அது 250 கிலோவாகும், நீரை 30 சென்டிமீட்டராகக் குறைத்துக்கொண்டால் 75 கிலோ போதும். அதன் நச்சுத்தன்மை நீங்க மூன்று வாரம் கழித்தே புதுக் குஞ்சுகளை விட வேண்டும். அந்த நாட்களில் கால்நடைகளுக்கும் அந்த நீரைக் காட்டாதீர்கள். நீர் வரும் குழாய்க்குச் சிறு கண்ணி வலை கட்டி, மழை நாளில் ஈரத்தரையில் நெளிந்து விரால் ஏறிவரக்கூடிய தாழ்ந்த கரைப்பகுதிகளை உயர்த்தி வையுங்கள்.