எபாக்சி ஒட்டில் கார்பன் நானோகுழாய்: கேள்வி பதில்

கேள்வி: அலுமினியத் தகடு ஒட்ட எல்.ஒய் 556 எபாக்சி ரெசினும், அதை இறுகவைக்கும் எச்.ஒய் 951 ஹார்டனரும் இருக்கிறது. ஒட்டின் பலம் கூட, பல்சுவர் நானோகுழாயை (ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய மிக நுண்ணிய கார்பன் குழாய்) எவ்வளவு, எப்படிக் கலப்பது சார்?

பதில்: மொத்த எடையில் 0.3 சதவீதத்தில் தொடங்குங்கள். 100 கிராம் ரெசின், 10 கிராம் ஹார்டனர் என்றால் குழாய் 0.33 கிராம். முதலில் ரெசினில் மட்டும் கலக்க வேண்டும். மூன்று உருளை அரவை இயந்திரம் கிடைத்தால் இடைவெளியைப் படிப்படியாக 5 மைக்ரான் வரை குறைத்துப் பலமுறை ஓட்டுங்கள். கிடைக்காவிட்டால் குழாயை அசிட்டோனில் போட்டு, பாத்திரத்தைப் பனிக்கட்டியில் வைத்து, ப்ரோப் சோனிகேட்டரை (மீயொலியால் அதிரவைக்கும் கம்பிக் கருவி) விட்டுவிட்டு ஓட்டுங்கள். அளவுக்கு மீறி ஓட்டினால் குழாய்கள் நறுங்கிவிடும். பிறகு ரெசின் சேர்த்து, தீயில்லாத இடத்தில், ஃப்யூம் ஹூடுக்குள் (ஆவியை வெளியே இழுக்கும் பெட்டி) கிளறியபடி அசிட்டோனை ஆவியாக்குங்கள். பாத்திரத்தின் எடை குறைவது நிற்கும்வரை விடாதீர்கள். மிச்சமிருக்கும் அசிட்டோன் ஒட்டை மெத்தென்றாக்கிவிடும்.

வெற்றிடத்தில் குமிழி நீக்கி, அறை வெப்பத்துக்கு ஆறிய பிறகே ஹார்டனர். சூட்டோடு ஊற்றினால் கிண்ணத்திலேயே இறுகிவிடும். ஹார்டனர் ஊற்றும் முன் ஒரு துளியை இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கிடையே நசுக்கி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். கரும்புள்ளி தெரிந்தால் குழாய்கள் சிக்கிக்கொண்ட முடிச்சு அவிழவில்லை, திரும்ப அரையுங்கள்.

உலர்ந்த பொடியை ஃபேன் ஓடும் அறையில் திறக்கவே கூடாது. ஃப்யூம் ஹூடும், நுண்துகளை வடிகட்டும் பி100 முகமூடியும் கட்டாயம். ஒரு வகைப் பல்சுவர்க் குழாயை 2014-இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனமான ஐ.ஏ.ஆர்.சி. புற்றுநோய் வரவைக்கக்கூடும் என்ற 2பி பிரிவில் வைத்திருக்கிறது.

கேள்வி: 1 சதவீதம் போட்டால் பலம் மூன்று மடங்கு கூடுமா?

பதில்: கூடாது. கலவை கூழாகிக் குமிழி வெளியேறாது, தகட்டையும் சரியாக நனைக்காது. முடிச்சுள்ள இடத்திலேயே விரிசல் தொடங்கும்.

கேள்வி: 2 சதவீதம்?

பதில்: மேலே சொன்னதுதான்.

கேள்வி: இதெல்லாம் வீண் செலவு. குழாய் போட்டும் போடாமலும் ஒரே சுமையில்தான் பிய்ந்தது.

பதில்: பிய்ந்த இரு தகடுகளையும் சாய்த்துப் பாருங்கள். ஒன்று வெறும் உலோகமாகப் பளபளத்து, மற்றதில் கறுப்புப் படலம் முழுதாக இருக்கிறதா? அப்படியானால் உடைந்தது பசை இல்லை, உலோகத்தோடு அதன் பிடிப்பு. பசைக்குள் எதைப் போட்டாலும் அங்கே பலனில்லை. இரண்டு பக்கமும் கறுப்பாக இருந்தால் மட்டும் குழாயைப் பற்றிப் பேசலாம்.

கேள்வி: முன்பு கேட்டவன்தான். ஒரு தகடு பளபளப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அசிட்டோனில் நன்றாகத் துடைத்தேனே?

பதில்: துடைத்தால் எண்ணெய் போகும், தளர்ந்த ஆக்சைடு போகாது. உப்புத்தாள் போட்டு, மறுபடி துடைத்து, தண்ணீர் ஊற்றுங்கள். துளித்துளியாகப் பிரியாமல் ஒரே படலமாக நின்றால் சுத்தம். அன்றைக்கே ஒட்டிவிடுங்கள். உலோகத்தையும் பசையையும் பிணைக்கும் 1 சதவீத எபாக்சி சிலேன் கரைசல் பூசினால் ஈரத்திலும் தாங்கும். பசைத் தடிமன் 0.2 மிமீ வர, அந்த விட்டமுள்ள கண்ணாடி மணிகளைக் கொஞ்சம் தூவுங்கள். தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் 12.7 மிமீ நீளத்தில் சுமை முழுவதும் ஒரே சீராகப் பரவாது, இரு ஓரங்களிலும் குவியும். வோல்கர்சன் என்ற ஆய்வாளர் 1938-லேயே கணக்குப் போட்டுக் காட்டியதுதான் இது. ஓரத்தில் பிதுங்கும் பசையை வழித்தெடுக்காதீர்கள், அந்தச் சரிவு ஓர அழுத்தத்தைத் தணிக்கும். இவ்வளவும் செய்து மறுபடி இழுத்துப் பார்த்துவிட்டு வீண் என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

கேள்வி: பிவிசி பைப்புக்கு?

பதில்: சால்வென்ட் சிமென்ட் போதும்.

கேள்வி: பொடியை மிக்சியில் அடிக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். மூடியைத் திறந்ததும் பொடி எழும்பி மூச்சில் போகும். முடிச்சும் அவிழாது.